பெண்கடல் ஓரத்தில் மூன்று நாள்

ராமேஸ்வரம் என்றால் நம்மில் பலருக்கும் ஒரே மாதிரி ஞாபகம்தான். விடியற்காலையில் போய் இறங்குவது, அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, ஈரப் புடவையோடு 22 தீர்த்தங்களுக்கும் ஓட்டம், தரிசனம், கடைத்தெருவில் ஒரு சங்கும் இரண்டு பாசிமாலையும், ராத்திரி ரயில். கடலோடு நமக்கு உள்ள பழக்கமெல்லாம் முங்கி எழுகிற அந்த ஐந்து நிமிஷம். மதுரையிலிருந்து நாலு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் கடலைப் பார்க்கவென்று அங்கே போகிறவர்கள் எத்தனை பேர்?

சென்ற பொங்கல் விடுமுறையில் இவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை கோயிலுக்கு ஒரு காலை. மிச்சமெல்லாம் கடலுக்கு." மூன்று நாள் திட்டம். பத்தாவது படிக்கும் பையன், ஐந்தாவது படிக்கும் பெண், நாங்கள் இருவர், எழுபதைத் தாண்டிய என் மாமியார். அத்தை ஒரு நிபந்தனையோடுதான் வண்டியில் ஏறினார்.

"கோயிலுக்கு வர்றேன். தனுஷ்கோடிக்கு மட்டும் என்னையக் கூப்புடாதீக. நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்ல இருந்துக்கிறேன்."

காரணம் எங்களுக்குத் தெரியும். அத்தையின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தனுஷ்கோடியில் குடியிருந்தார்கள். 1964-ம் வருஷம் ஆடி மாதம் அவருக்கு மானாமதுரைக்கு மாற்றலாகி, குடும்பம் சட்டி பானையோடு கிளம்பி வந்தது. அதே வருஷம் டிசம்பர் 22-ம் தேதி ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்த நூறு பேருக்கு மேல், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அத்தைக்கு அப்போது பத்து வயசு. பக்கத்து வீட்டில் ஒரு சிநேகிதி இருந்தாளாம். அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று கடைசிவரை சேதி இல்லை. அதற்குப் பிறகு அத்தை எத்தனையோ முறை ராமேஸ்வரம் வந்திருக்கிறார், கோயிலைத் தாண்டிக் கிழக்கே ஒரு அடி வைத்ததில்லை.

மண்டபம் தாண்டி பாம்பன் பாலத்தில் ஏறியதுமே குழந்தைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிகள் போகிற பாலம் 1988-ல் வந்தது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி மட்டும் லிப்ட் மாதிரி நேரே மேலே போகிறது. பழைய பாலத்தில் இரண்டு கைகளைத் தூக்கிக் கும்பிடுவது போலத் திறக்கும். எனக்கு என்னவோ அந்தக் கும்பிடுதான் அழகு என்று தோன்றுகிறது. 1964 புயலில் அந்தப் பாலத்தின் தூலங்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தும், 46 நாளில் அதை நிமிர்த்தி ரயில் விட்டார்களாம்.

பாலத்தின் நடுவில் வந்தபோது எங்கள் டிரைவர் தம்பி (உள்ளூர்க்காரர்) இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். "இடது பக்கம் பெண்கடல். வலது பக்கம் ஆண்கடல்." வடக்கே இருப்பது பாக் நீரிணைக் கடல். ஆழம் குறைவு, அலை கிடையாது, குளம் மாதிரி இருக்கும், அதனால் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா. ஆழம், அலை, இரைச்சல், அதனால் ஆண்கடல். "சும்மா இருந்தா பொண்ணு, சத்தம் போட்டா ஆணா?" என்று என் மகள் கேட்டாள். டிரைவர் தம்பி சிரித்துக்கொண்டே, "நீயே பாரு பாப்பா" என்றார்.

பார்த்தோம். தை மாசத்து வாடைக்காற்றில் பெண்கடல்தான் நுரை கக்கிக் குதித்துக்கொண்டிருந்தது. ஆண்கடல் எண்ணெய் தடவிய தலை மாதிரி படிந்து கிடந்தது! காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் இப்படி மாறிவிடுமாம். தென்மேற்குக் காற்று தொடங்கியதும் மறுபடி பெண்கடல் அடங்கி, ஆண்கடல் எழும். பேர் வைத்தவர்கள் யாரோ ஆனி ஆடியில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

முதல் நாள் மண்டபத்தில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தில் ஒரு மணி நேரம் இருந்தோம். 1949-லிருந்து அங்கே இருக்கிற நிலையம். கண்ணாடித் தொட்டியில் கடல் குதிரை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. குதிரை முகம், குரங்கு வால். வாலால் ஒரு பாசித் தண்டைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கிறது. இதில் பிள்ளை சுமப்பது ஆண்தான். பெண் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் விட்டுவிட்டுப் போய்விடும். சுமந்து, வலி எடுத்து, குஞ்சுகளை வெளியே தள்ளுவது எல்லாம் ஆணின் பாடு. பையன் இதைப் படித்துச் சொன்னதும் அத்தை கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கு, போ!" என்றார். இவர் எதுவும் கேட்காத மாதிரி அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கோயில் முடிந்து ஓலைக்குடா கடற்கரைக்குப் போனோம். ராமேஸ்வரத்துக்கு வடக்கே, பெண்கடல் பக்கம். கூட்டம் இல்லை, பஜ்ஜிக்கடை இல்லை, வலை உலர்த்துகிற நாலைந்து பேர்தான். கரையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஏதோ பழுப்பு நாடா போல் குவிந்து கிடந்தது. முதலில் குப்பை என்றுதான் நினைத்தோம். வலைக்கார அண்ணன் ஒருவர், "தாழைம்மா அது" என்றார். கடல்புல்லுக்கு அந்தப் பக்கத்தில் தாழை என்று பெயர். இது பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உள்ள அசல் புல். கடலுக்கு அடியில் வயல் வயலாக முளைத்துக் கிடக்கிறது. வாடைக்காற்று அலை பிய்த்துக் கரையில் போடுகிறது.

அந்தப் புல்லை மேயத்தான் கடல்பசு இருக்கிறது. உள்ளூரில் ஆவுளியா என்கிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல் தின்னுமாம். மீன் இல்லை, நம்மைப் போல் பாலூட்டி. பதிமூன்று மாசம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். ஒன்றரை வருஷம் பால் கொடுக்கும். அடுத்த கன்று வர மூன்று வருஷமும் ஆகலாம், ஏழு வருஷமும் ஆகலாம். இப்படிப்பட்ட பிராணியைக் கறிக்காகப் பிடித்துப் பிடித்து, வலையிலும் சிக்கிச் சாகவிட்டு, இன்று காண்பதே அபூர்வமாகிவிட்டது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஓரத்தில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகம் என்று தமிழக அரசு அறிவித்தது. நாங்கள் ஆவுளியாவைப் பார்க்கவில்லை. அது மேய்கிற புல்லைத்தான் பார்த்தோம். அந்த நாற்றம் பிடித்த குவியலைக் கிளறியதில் என் பெண்ணுக்கு ஒரு காலைப் பொழுது போனது தெரியவில்லை.

என்னென்ன கிடைத்தது தெரியுமா? வெள்ளையாக, தோணி வடிவத்தில், நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிற ஓடு ஒன்று. அத்தை கையில் வாங்கிப் பார்த்து, "கடல்நுரைடி இது, நாட்டு மருந்துக் கடையில காசு குடுத்து வாங்குவோம்" என்றார். நுரை உறைந்து ஓடாகிறது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்த வயசு ஒன்று உண்டு. அது கணவாய் மீனின் உள் ஓடு. உள்ளே நுண்ணிய அறைகள். அதில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மேலே மிதப்பதும் கீழே இறங்குவதும். கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் கட்டித் தொங்கவிடுவது இதைத்தான். கிளி கொத்திக் கொத்தி அலகைத் தீட்டிக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

அப்புறம் சிப்பிகள். பாதிச் சிப்பிகளின் உச்சியில் தட்டான் துளை போட்ட மாதிரி ஒரே அளவில் வட்டமான ஓட்டை. "கோர்க்கிறதுக்கு யாரோ ஓட்டை போட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்கம்மா" என்றாள் மகள். போட்டது ஒரு வகைக் கடல் நத்தை. மணலுக்குள் ஊர்ந்து வந்து, உயிருள்ள சிப்பியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஓட்டை இளக்குகிற ஒரு நீரைச் சுரந்து, அரம் போன்ற நாக்கால் சுரண்டிச் சுரண்டித் துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். ஒரு துளைக்கு மணிக்கணக்கில் ஆகுமாம். பாசிமணி கோர்க்கத் தோதான அந்த அழகான ஓட்டை, சிப்பிக்கு வந்த சாவு என்று தெரிந்ததும் அவள் முகம் வாடிவிட்டது. பத்து நிமிஷம் கழித்து ஓட்டை உள்ள சிப்பிகளாகவே தேடித் தேடிப் பொறுக்கினாள். குழந்தைகள் அப்படித்தான்.

பொறுக்கியதில் ஒரு சின்னச் சங்கு அவள் உள்ளங்கையிலேயே நடக்க ஆரம்பித்தது. துறவி நண்டு! இதற்கு வயிற்றுப் பக்கம் ஓடு கிடையாது, மெத்தென்று இருக்கும். செத்த நத்தையின் காலிச் சங்கில் பின்பக்கமாக நுழைந்து குடியிருக்கும். உடம்பு வளர வளர, பெரிய சங்காகத் தேடி வீடு மாற்ற வேண்டும். நம் கண்ணுக்குச் சும்மா கிடக்கிற சங்கு, இன்னொரு ஜீவன் பார்த்து வைத்திருக்கிற வாடகை வீடு. அன்று எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: ஆளுக்கு ஐந்து சிப்பி, அதுவும் ஓட்டை விழுந்தது, உடைந்தது மட்டும். முழுச் சங்கு கரையிலேயே இருக்கட்டும். கடைத்தெருவில் விற்கிற பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, உலர்ந்த கடல் குதிரை இவற்றை வாங்குவது சட்டப்படியே குற்றம். 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி யானையோடு இவையும் இருக்கின்றன. சில சங்கு வகைகளும் அதில் உண்டு. ஷோகேஸுக்கு ஆசைப்பட்டு வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஈர மணலில் கண்ணாடிக் கொழுக்கட்டை போல் சொறிமீன் ஒதுங்கிக் கிடக்கும். செத்துக் காய்ந்திருந்தாலும் அதன் இழைகள் சுருக்கென்று சுடும். குழந்தைகள் தொட்டுவிட்டால் பதறி மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, குடிதண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. இரண்டுமே விஷத்தை இன்னும் இறக்கும். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் எரிச்சல் தணியும். மூச்சு முட்டினாலோ, தடிப்பு பரவினாலோ உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும். காலில் தார் ஒட்டிக்கொண்டால் தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் போதும், வந்துவிடும்.

அன்று மத்தியானம் பாம்பன் பக்கம், ஆண்கடல் கரையில், சின்னப்பாலத்துக்குப் போனோம். கடலிலிருந்து வத்தைகள் திரும்பிக்கொண்டிருந்தன. வத்தை என்பது சின்னப் படகு. இறங்கியவர்கள் எல்லாரும் பெண்கள். புடவைக்கு மேல் ஆம்பிளைகளின் முழுக்கைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட முக்குளிக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடல்பாசி எடுக்கிறவர்கள். தீவுகளை ஒட்டி, இடுப்பளவிலிருந்து தலை முங்கும் ஆழம் வரை நீரில் மூழ்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் கிள்ளி எடுக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றுகிற நாட்கள்தான் வேலைக்குத் தோது.

ஐம்பது வயசு இருக்கும் ஓர் அக்கா, மணலில் பாசியைப் பரப்பிக்கொண்டே பேசினார். "இது மரிக்கொழுந்துப் பாசி. அது கட்டக்கோரை. அந்தா கெடக்கே, அது கஞ்சிப்பாசி." எவ்வளவு அழகான பெயர்கள்! "வேரோட புடுங்கக் கூடாது தங்கச்சி. நுனியக் கிள்ளிட்டு வேர விட்டாத்தான் மறுவாட்டி தழையும். நீங்க கறிவேப்பிலை ஒடிக்க மாட்டீகளா, அது மாதிரிதேன்." விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக் காட்டினார். பாறை அறுத்த தழும்புகள், நகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. கண் சிவப்பு, முதுகுவலி, இதெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "காலையில கிளம்பையில தண்ணி குடிக்கவே பயம். கடலுக்குள்ள நிக்கையில எங்கிட்டுப் போறது? வந்து கரையேறித்தேன் குடிப்போம். அதுலயே நெறையப் பேருக்கு நீர்க்கடுப்பு." பஸ் பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தீவுகள் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மொத்தம் 21 தீவுகள் என்று கணக்கு. பவளப்பாறையைக் காக்கத்தான் பூங்கா. அது வேண்டும்தான். பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டிவெட்டி அள்ளிய காலம் ஒன்று இருந்தது. கடல் சூடேறினால் பவளம் வெளுத்துச் செத்துப்போகிறது. 2010-லும் 2016-லும் அங்கே அப்படி நிறைய அழிந்தது. ஆனால் பூங்கா வந்ததும், பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடம் இந்தப் பெண்களுக்கு அத்துமீறும் இடமாகிவிட்டது. அவர்களே தங்களுக்குள் பேசி, வேரோடு எடுப்பதில்லை, பாசி வளரும் காலத்தில் சில வாரம் கடலுக்குப் போவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2015-ல் சின்னப்பாலத்துப் பாசிப் பெண் ஒருவருக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பதற்கான விருது ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. விருது கிடைத்தது சந்தோஷம்தான். கரையில் ஒரு கழிப்பறை, ஒரு குடிதண்ணீர்க் குழாய் என்று கேட்டால் அதற்கு யார் விருது கொடுப்பார்கள்?

மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதுதான் அகர். ஜெல்லிக்கும் ஐஸ்கிரீமுக்கும் சேர்ப்பது. நோன்பு நாட்களில் நம் முஸ்லிம் சகோதரிகள் பாலில் காய்ச்சித் துண்டு போடுகிற 'கடல்பாசி' இந்த ஜாதிதான். இதற்கு இன்னொரு பெருமை உண்டு. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற பெரிய விஞ்ஞானியின் பரிசோதனைச்சாலையில், கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். வெயில் காலத்தில் அது உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த ஹெஸ்ஸி என்பவரின் மனைவி ஃபேனி, "நான் ஜெல்லிக்குப் போடுவேனே அகர், அது வெயிலிலும் உருகாதே, அதைப் போட்டுப் பாருங்களேன்" என்று யோசனை சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு தெரிந்தவர் சொல்லி, அவர் சமையலில் பழகிய பொருள் அது. இன்றுவரை உலகம் முழுக்க லேபில் கிருமி வளர்ப்பது அகர் தட்டில்தான். கோக் தம் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியின் பேரைக் குறிப்பிடவில்லை. நமக்கு நீர்க்கடுப்பு என்று லேபில் கல்ச்சர் டெஸ்ட் எடுக்கிறார்களே, அந்தத் தட்டில் இருப்பதும் இதுவேதான். சின்னப்பாலத்து அக்காவிடம் இதைச் சொல்ல எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து படித்ததுதான்.

மூன்றாம் நாள் காலை. நாங்கள் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிற நேரம், அத்தை ரூம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

வழியில் கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் தேங்கிய உப்புநீரில் பூநாரைகள். தூரத்தில் வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் இறகு ஓரத்தில் ரோஜா நிறம், அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அரித்துக்கொண்டிருந்தன. அந்த நிறம் பிறவியில் வருவதில்லை. குஞ்சு சாம்பல் நிறம்தான். தின்கிற பாசியிலும் கூனிப்பூச்சியிலும் இருக்கும் சத்து இறகில் ஏறித்தான் சிவக்கிறது. 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடிக்குத் தார்ரோடு 2017-ல்தான் முழுமையாக வந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றை ரோடு. இடிந்த சர்ச்சு, ஸ்டேஷன் சுவர், தண்ணீர்த்தொட்டி. சர்ச்சுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளக்கல் தெரிந்தது, தேன்கூடு மாதிரி. அத்தை எதையும் நின்று பார்க்கவில்லை. "ஸ்டேஷன் இது. அப்ப எங்க வீடு..." என்று மணலில் கால் புதையப் புதைய நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஓரிடத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றார். அப்புறம் இலங்கைக் கப்பல் பற்றிச் சொன்னார். தலைமன்னாருக்குப் போகிற கோஷன், இர்வின் என்ற இரண்டு கப்பல்கள். மதராஸிலிருந்து போட் மெயில் வந்து நின்றால் ஸ்டேஷனே திருவிழாவாக இருக்குமாம்.

என் பெண் தண்ணீர் கேட்டாள். பாட்டில் வண்டியில் இருந்தது. அத்தை சட்டென்று மணலில் உட்கார்ந்தார். அங்கே கிடந்த ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துத் தோண்ட ஆரம்பித்தார். "அப்பத்தா, கடல் தண்ணிதான் வரும்" என்றான் பையன். அவர் பதில் சொல்லவில்லை. அவனும் சேர்ந்து தோண்டினான். இரண்டு முழம் போனதும் மணல் கறுத்தது, ஈரமானது, மெல்ல நீர் ஊறியது. கலங்கல் தெளியட்டும் என்று காத்திருந்து, அத்தை ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். நல்ல தண்ணீர்! கடல் ஐம்பது அடியில் இரைகிறது. உப்பே இல்லை.

மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பது மாதிரி தனியாகத் தங்கியிருக்கிறது. அதனால் மேலாகத் தோண்டினால்தான் நல்ல தண்ணீர். ஆழமாகப் போனால் உப்பு வந்துவிடும். அந்த ஊர்ப் பெண்கள் இன்றும் இப்படி ஊற்று தோண்டித்தான் குடம் நிரப்புகிறார்கள். "நானும் அவளும் விடிகாலையில வருவோம். அவ தோண்டுவா, நான் மோந்து ஊத்துவேன். அவசரப்பட்டுத் தோண்டுனா உப்பு வந்துரும்னு அவதான் சொல்லிக் குடுத்தா" என்றார் அத்தை. அவ்வளவு வருஷத்தில் சிநேகிதியைப் பற்றி அத்தை இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கொஞ்ச தூரத்தில் ஓலைக் குடிசை ஒன்றிலிருந்து ஒரு பெண் குடத்தோடு வந்தார். என்னைவிடச் சின்னவர். அத்தை அவரிடம் சிநேகிதியின் பெயரையும், அவள் அப்பா பெயரையும் சொல்லி விசாரித்தார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "எங்க ஆத்தாளுக்குத் தெரிஞ்சிருக்கும் பாட்டி. அது செத்து மூணு வருசமாச்சு" என்றார். அத்தை தலையை ஆட்டினார். "ஒங்க ஆத்தா அன்னைக்கு எங்க இருந்துச்சு?" "ராமேஸ்வரத்துல, கல்யாண வீட்டுக்குப் போயிருந்துச்சாம். அதான் நாங்க இருக்கோம்." இருவரும் சேர்ந்து அந்த ஊற்றை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்கள். குடம் நிரம்பும் வரை அத்தைதான் கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்றினார். நான் உதவிக்குக் குனிந்தேன். "நீ இரும்மா" என்று கையை ஒதுக்கிவிட்டார்.

அரிச்சல்முனையில் அதிக நேரம் இருக்கவில்லை. இரண்டு கடலும் மோதுகிற இடம். கீழே இழுப்பு பயங்கரம், இறங்கக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் செல்போனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. குழந்தைகளுக்கு அங்கே பிடித்தது இராவணன் மீசைதான். மணல்மேட்டில் வளரும் முரட்டுப் புல். அதன் பூங்கொத்து முள்ளுருண்டையாகக் காய்ந்து கழன்று, காற்றில் பந்து மாதிரி உருண்டு ஓடும்; போகிற வழியெல்லாம் விதை போடும். பிடிக்கப் பிடிக்க ஓடியது. அத்தையும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒன்றைத் துரத்திப் பிடித்தார். அடப்பங்கொடியும் இந்தப் புல்லும்தான் அந்த மணலைப் பறக்கவிடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. அதனால் கொடியை இழுத்து மாலை போடுகிற ஆசையைக் குழந்தைகளுக்கு அடக்கிச் சொல்ல வேண்டும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. பூநாரை பார்க்க வேண்டுமானால் தை, மாசிக்குள் போய்விடுங்கள். காலை 6 மணிக்கே கரையில் இருந்தால்தான் நண்டும் பறவையும். 9 மணிக்கு மேல் வெயில் ஆளை வாட்டிவிடும். குழந்தைகளுக்குத் தொப்பி, பழைய கான்வாஸ் ஷூ, தாராளமாகக் குடிதண்ணீர். தனுஷ்கோடியில் சாயங்காலம் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், வெளிச்சத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் தங்கச்சிமடம் பக்கம் பனங்கிழங்கு வாங்காமல் வராதீர்கள். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தது, பொங்கலை ஒட்டித்தான் கிடைக்கும்.

கணவாய் ஓட்டை எதிர்வீட்டுக் கிளிக்குக் கொடுத்தாயிற்று. ஓட்டைச் சிப்பிகளை என் பெண் நூலில் கோர்த்து ஜன்னலில் கட்டியிருக்கிறாள். அத்தை இப்போது காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனி மாசம் போனால் பெண்கடல் அடங்கியிருக்குமாம், அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டுமாம். அந்தக் குடிசைப் பெண்ணுக்கு எடுத்துப்போக இரண்டு பித்தளைக் குடத்துக்கு ஈயம் பூசக் கொடுத்திருக்கிறார்.